பள்ளிக்குப் போகும் அந்த ஒரு கிலோமீட்டர்: புகாரா, கவுன்சிலரா, அளவெடுப்பா, வழக்கா?

பிள்ளைகள் பயமில்லாமல் நடந்தோ சைக்கிளிலோ பள்ளிக்குப் போய் வர வேண்டும் என்று நினைக்கிற ஐந்தாறு பேர் ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்துவிட்டால், முதல் வாரத்திலேயே எங்கிருந்து ஆரம்பிப்பது என்ற கேள்வி வந்துவிடும். ஒருவர் மாநகராட்சியின் புகார் எண்ணான 1913-க்குப் போன் போடுவோம் என்பார், இன்னொருவர் கவுன்சிலரைப் பார்த்துவிட்டு வரலாம் என்பார், ஒருவருக்கு ஆர்.டி.ஐ. (தகவல் அறியும் உரிமைச் சட்டம்) மேல் நம்பிக்கை, ஒருவருக்கு ஹைகோர்ட் மேல், கல்லூரிப் பிள்ளைகள் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் பேரணி. எல்லாமே நல்ல யோசனைதான். ஆனால் எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் செய்ய ஆள் கிடையாது. வந்திருப்பவர்கள் எல்லாம் வேலைக்குப் போகிறவர்கள், வீட்டில் பெரியவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்கள், வாரத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் ஒதுக்குவதே பெரிய விஷயம். அந்த நேரத்தை எதில் போட்டால் தெருவில் ஏதாவது மாறும் என்பதைத்தான் இங்கே ஒப்பிட்டுப் பார்க்கிறேன். சென்னையை வைத்துப் பேசுகிறேன், மதுரையிலோ திருச்சியிலோ இருப்பவர்களுக்கு அலுவலகங்களின் பெயர் கொஞ்சம் மாறும், மற்றபடி நடைமுறை இதேதான்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு பாதையை எடுத்துக்கொண்டு, அதை டேப் வைத்து அளந்து, அந்தச் சாலையில் செய்யப்போகும் வேலைக்கு அடுத்த எஸ்டிமேட் (செலவு மதிப்பீடு) போடுவதற்கு முன்னால் பொறியாளர் கையில் கொண்டுபோய்க் கொடுப்பதுதான் முதல் வேலை. மற்ற வழிகள் எல்லாம் அந்த வேலைக்குத் துணையாக வர வேண்டியவை, அதற்குப் பதிலாக அல்ல.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022 அறிக்கைப்படி அந்த ஆண்டு இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர், அதில் நடந்து போனவர்கள் மட்டும் 32,825 பேர். இறந்த ஐந்து பேரில் ஏறக்குறைய ஒருவர் எந்த வண்டியிலும் ஏறாதவர். விபத்துகளின் எண்ணிக்கையில் அந்த ஆண்டு முதலிடம் தமிழ்நாட்டுக்கு. இதே தமிழ்நாடுதான் 2001-ல் பட்டியல் இன, பழங்குடி மாணவிகளுக்கு மிதிவண்டி கொடுக்க ஆரம்பித்து, பிறகு அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளில் 11-ஆம் வகுப்புப் பிள்ளைகள் எல்லாருக்கும் என்று விரித்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தோடு சேர்ந்து ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டதும் இங்கேதான் நடந்தது. சைக்கிள் கொடுக்கத் தெரிந்த, ஓட்டக் கற்றுக்கொடுக்கத் தெரிந்த மாநிலத்துக்கு அதை ஓட்டிப் போக ஒரு பத்திரமான பாதை போடத் தெரியாமல் போகாது.

கொள்கை இல்லை என்றும் சொல்ல முடியாது. சென்னை மாநகராட்சி 2014-லேயே மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கு என்று தனிக் கொள்கை கொண்டுவந்தது, இந்திய நகரங்களில் அதுதான் முதல். போக்குவரத்துக்கான பணத்தில் குறைந்தது 60 சதவீதம் நடைக்கும் சைக்கிளுக்கும், 2018-க்குள் 80 சதவீதத் தெருக்களில் நடைபாதை என்றெல்லாம் அதில் இருக்கிறது. அந்தக் காகிதத்துக்கும் உங்கள் தெருவுக்கும் நடுவில் நிற்பவர் உங்கள் வார்டின் உதவிப் பொறியாளர். நாளைக்கு அந்தத் தெருவில் என்ன கட்டப்படும் என்பது அவர் எழுதும் எஸ்டிமேட்டில்தான் முடிவாகிறது. தன்னார்வலர்கள் பெரும்பாலும் அவரைத் தவிர மற்ற எல்லாரையும் பார்த்துவிட்டு வருவோம்.

சரி, ஒவ்வொரு வழியாகப் பார்ப்போம்.

1913, நம்ம சென்னை ஆப், முதல்வரின் உதவி மையம் 1100, இவையெல்லாம் பழுதுக்கு நல்லவை. ஸ்லாப் உடைந்திருக்கிறது, தெருவிளக்கு எரியவில்லை, யாரோ வீடு இடித்த கட்டடக் கழிவை நடைபாதையில் கொட்டிவிட்டுப் போய்விட்டார்கள் என்றால் யோசிக்காமல் புகார் போடுங்கள், பல சமயம் சில நாட்களிலேயே ஆள் வந்துவிடும். ஆனால் "இந்தச் சாலையில் நடக்க இடமே இல்லை" என்பதைப் புகாராகப் போட்டால் அதை வாங்கிக்கொள்ள அங்கே ஒரு கட்டம் கிடையாது. நாங்கள் ஒருமுறை ஒரு அலுவலகத்துக்கு அப்படிப் போட்டுப் பார்த்தோம், "குறை தீர்க்கப்பட்டது" என்று குறுஞ்செய்தி வந்தது, தெரு அப்படியேதான் இருந்தது. புகார் எண்களை மட்டும் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் மனுவோடு இணைக்க அவை உதவும்.

கவுன்சிலர் வழி இதைவிடக் கனமானது. மாநகராட்சியில் 200 வார்டுகள், ஒவ்வொன்றுக்கும் ஒருவர், கையில் வார்டு மேம்பாட்டு நிதி, மண்டலக் கூட்டத்தில் பேச உரிமை. ஏரியா சபை என்று பகுதி மக்களின் கூட்டம் ஒன்று கூடுகிறபோது அங்கே சொன்னால் அது பதிவில் ஏறும். இதில் இருக்கிற சிக்கல், கவுன்சிலரைத் தினமும் பார்க்கிறவர்கள் யார் என்பது. கடைக்காரர்கள் தினமும் பார்க்கிறார்கள், அவர்களுக்கு வாசலில் பார்க்கிங் வேண்டும். நாம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போய் நிற்கிறோம், அதுவும் பெரும்பாலும் ஹெல்மெட் போட்ட, விலை கூடின சைக்கிள் வைத்திருக்கிற ஆண்களாகப் போய் நிற்கிறோம். அது எடுபடாது. பேத்தியைப் பள்ளியில் விடுகிற பாட்டி, வீட்டுவேலைக்கு நடந்தே போகிற அக்கா, ரேஷன் கடைக்கு ஊன்றுகோலோடு வருகிறவர் இவர்களோடு போங்கள், அவர்களே பேசட்டும். அப்புறம், "என்னம்மா செய்யணும்?" என்று கவுன்சிலர் கேட்கிற அந்த ஒரு நொடிக்குக் கையில் பதில் இருக்க வேண்டும். "பாதுகாப்பான சாலை வேணும்" என்று சொன்னால் அவரால் எதுவும் செய்ய முடியாது. "பள்ளி வாசலிலிருந்து பிள்ளையார் கோவில் வரைக்கும் இந்தப் பக்கம் ஸ்லாப் போடணும், இந்த மூன்று இடத்தில் நடைபாதையின் ஓரக்கல்லைச் சரிவாக்கணும்" என்றால் அவர் உடனே போனை எடுத்துப் பொறியாளரிடம் பேசலாம்.

அந்தப் பதிலை அளவெடுப்புதான் கொடுக்கும். அதனால் இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

செலவு ஐந்து மீட்டர் டேப், சாக்பீஸ், ஒரு போன். பள்ளி தொடங்குவதற்கு முன்னால் ஏழரை மணியிலிருந்து ஒரு மணி நேரம். முதல் நாள் எதையும் அளக்காதீர்கள், ஒரு பிள்ளையின் பின்னால் நடந்து போய் அது எங்கே நடைபாதையை விட்டுச் சாலையில் இறங்குகிறது என்று மட்டும் குறியுங்கள். இறங்குகிற ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு காரணம் இருக்கும், பெரும்பாலும் ஒரே அடியில் தெரிந்துவிடும். எங்கள் பகுதியில் ஒரு நடைபாதை பார்க்க அகலமாகத்தான் இருந்தது, ஆனால் மின்பெட்டி ஒன்று நடுவில் நிற்கிறது, அதற்கும் மதில் சுவருக்கும் நடுவில் டேப்பை வைத்தால் இரண்டு சாண் அளவுக்குத்தான் இடம். புத்தகப்பையோடு ஒரு நான்காம் வகுப்புப் பிள்ளை அதில் நுழைய முடியாது, பக்கவாட்டில் திரும்பினாலும் பை சுவரில் தேய்கிறது. அதனால் அது இறங்குகிறது. இறங்குகிற இடத்தில் ஓரக்கல் அதன் முழங்கால் உயரம், அதனால் மறுபடி ஏறுவதில்லை, பள்ளி வரைக்கும் சாலையிலேயே போகிறது. ஒரு பெட்டி நிற்கிற இடத்தால் அதற்கப்புறம் இருக்கிற நூறு மீட்டர் நடைபாதையும் வீணாகிறது.

இப்போது இந்திய சாலைக் காங்கிரஸின் ஐ.ஆர்.சி. 103 என்ற வழிகாட்டியை எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். குடியிருப்புப் பகுதியில் தடையில்லாமல் நடக்க 1.8 மீட்டர் அகலம், தலைக்கு மேல் 2.2 மீட்டர், ஓரக்கல் 150 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. பொறியாளர்களே பின்பற்ற வேண்டிய கணக்கு இது, அதனால் நம் வாதத்தை அவர்கள் பாஷையிலேயே வைக்கிறோம். டேப் தெரிகிற மாதிரிப் படம் எடுங்கள், பக்கத்தில் கடைப் பெயரோ கதவு எண்ணோ தெரியட்டும். ஒரு நாள் மழையில் போய்ப் பாருங்கள், நவம்பரில் தண்ணீர் தேங்குகிற இடத்தில்தான் எல்லாரும் சாலை நடுவுக்கு வருகிறார்கள், வெயில் காலத்தில் அளந்தால் அது தெரியவே தெரியாது. சைக்கிளுக்கும் தனியாக ஒருமுறை ஓட்டிப் பாருங்கள், வடிகால் கம்பித் தட்டின் இடுக்கு சக்கரத்துக்கு நேராக ஓடுகிறதா, சாலை மட்டத்துக்குக் கீழே இறங்கிப்போன மேன்ஹோல் மூடிகள் எங்கே, நிறுத்தின கார்களின் கதவு திறந்தால் ஒதுங்க இடம் இருக்கிறதா.

முடிவை இரண்டு பக்கத்துக்கு மேல் எழுதாதீர்கள். ஒவ்வொரு தடைக்கும் எதிரில் அது யாருடையது என்று எழுதுங்கள், மின்பெட்டி மின்வாரியம், இறங்கிய மூடி குடிநீர் வாரியம், ஸ்லாப் மாநகராட்சி, தடுப்பு போக்குவரத்துக் காவல். இந்த ஒரு விவரத்தை எழுதாமல் போனால், போகிற இடமெல்லாம் "சார், அது எங்களது இல்லை" என்ற ஒரே பதில்தான் வரும், அது பெரும்பாலும் உண்மையாகவும் இருக்கும்.

சாலையே யாருடையது என்பதும் அப்படித்தான். சென்னைக்குள்ளேயே சில சாலைகள் மாநகராட்சி, சில மாநில நெடுஞ்சாலைத் துறை, சில தேசிய நெடுஞ்சாலை ஆணையம். பார்த்தால் எல்லாம் ஒரே தார்தான். இங்கேதான் ஆர்.டி.ஐ. கைகொடுக்கிறது. பத்து ரூபாய்க்குக் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி அனுப்பலாம், ஆன்லைனிலும் போடலாம், 30 நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் முதல் மேல்முறையீடு. பலர் செய்கிற காரியம், "ஏன் நடைபாதை அமைக்கவில்லை?" என்று கேட்பது. அப்படிக் கேட்டால் விளக்கம் தர வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை. இருக்கிற ஆவணத்தைத்தான் கேட்க வேண்டும்: இந்தச் சாலை எந்தத் துறையின் பராமரிப்பில் இருக்கிறது, கடைசியாகப் போட்ட வேலையின் எஸ்டிமேட் நகல், வரைபடம், ஒர்க் ஆர்டர். பொறியாளரிடம் முதலில் வாயால் கேட்டுப் பாருங்கள் என்பது என் கருத்து. கேட்டதும் எடுத்துக் காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், எடுத்த எடுப்பில் ஆர்.டி.ஐ. போட்டால் நல்லவரும் எதிரி மாதிரி ஒதுங்கிவிடுவார்.

எஸ்டிமேட்டுக்கு முன்னால் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சென்னையில் நடைபாதை பல இடங்களில் மழைநீர் வடிகாலின் மூடிதான். வடிகால் எந்த உயரத்தில் கட்டப்படுகிறதோ அதுதான் நடைபாதையின் உயரம், வடிகாலின் அகலம்தான் நடக்கிற இடம். கான்கிரீட் இறுகிய பிறகு அதை உங்களுக்காக யாரும் உடைக்கப் போவதில்லை, அடுத்த இருபது வருஷத்துக்கு அதுதான். வேலைக்கு முன்னால் சொன்னால் ஓரக்கல்லை இறக்குவதும் சரிவு வைப்பதும் வரைபடத்தில் ஒரு கோடு. அதனால் பட்ஜெட் பேசப்படுகிற பிப்ரவரி, மார்ச்சுக்கு முன்னால் உங்கள் இரண்டு பக்கம் போய்ச் சேர வேண்டும். அரசின் டெண்டர் இணையதளத்தில் உங்கள் தெருப் பெயரை அவ்வப்போது தேடிப் பாருங்கள். டெண்டரே வந்துவிட்டாலும் வேலை தொடங்கும் நாளில் தெருவில் நின்று ஒப்பந்ததாரரின் மேஸ்திரியிடம் ஓரக்கல் உயரத்தைப் பற்றிப் பேசிப் பலன் கிடைத்த தெருக்கள் உண்டு, ஆனால் அது அதிர்ஷ்டம்.

அடுத்தது, செய்து காட்டுவது. சாக்பீஸ் கோடு, போக்குவரத்துக் கூம்புகள், சில பூந்தொட்டிகள், ஒரு நாள் மட்டும் சாலையின் ஓரத்தை நடக்கிறவர்களுக்கு ஒதுக்கிக் காட்டுவது. போக்குவரத்துக் காவல், மாநகராட்சி இரண்டு பேரின் அனுமதியும் வேண்டும், அனுமதியில்லாமல் பெயிண்ட் அடிக்க இறங்காதீர்கள். இதன் பலம் தி.நகர் பாண்டி பஜாரில் தெரிந்தது. 2018-ல் தடுப்புகளை வைத்துச் சோதனையாகச் செய்து பார்த்தார்கள், 2019 நவம்பரில் நிரந்தர நடைபாதை வளாகம் திறந்தது. பார்க்கிங் போனால் வியாபாரம் போய்விடும் என்று பயப்படுகிறவரிடம் எவ்வளவு பேசினாலும் நம்ப மாட்டார், ஒரு சனிக்கிழமை சாயங்காலம் வாசலில் கூட்டம் நடந்து போவதைப் பார்த்தால் யோசிப்பார். ஆனால் சோதனை சோதனையாகவே நின்றுபோகும் ஆபத்தும் உண்டு. 2020-ல் பெங்களூர் அவுட்டர் ரிங் ரோட்டில் கம்பங்கள் நட்டு ஒதுக்கின சைக்கிள் பாதையில் பைக்கும் காரும் புகுந்து, கம்பங்கள் பல உடைந்தன. பிளாஸ்டிக் கம்பத்துக்குப் பின்னால் கான்கிரீட் வரப்போகிறது என்ற எஸ்டிமேட் இருந்தால்தான் இதில் நேரத்தைப் போடலாம்.

சைக்கிள் பேரணி ஆள் சேர்க்க நல்லது. சாலையை அது மாற்றாது. வருஷத்துக்கு ஒன்று போதும்.

வேகத்தைக் குறைப்பது என்று வந்தால் போக வேண்டிய இடம் போக்குவரத்துக் காவல். சென்னையில் 2023 நவம்பரில் அறிவித்த வரம்பின்படி குடியிருப்புப் பகுதிகளில் எல்லா வண்டிக்கும் 30 கிலோமீட்டர்தான், இது பலருக்குத் தெரியவே தெரியாது. பள்ளி வாசலில் அந்தப் பலகையைக் கேட்பதும், மங்கிப்போன ஜீப்ரா கோட்டைத் திரும்ப அடிக்கக் கேட்பதும் எளிதில் நடக்கிற காரியங்கள். வேகத்தடை கேட்கும்போது மட்டும் கவனம். ராத்திரியோடு ராத்திரியாகத் தாரைக் கொட்டி எழுப்புகிற குறுகலான மேடு சைக்கிள்காரரையும் கர்ப்பிணியை ஏற்றி வருகிற ஆட்டோவையும்தான் தூக்கிப் போடுகிறது. ஐ.ஆர்.சி. 99 சொல்கிற பழைய அளவே 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம். "ஸ்பீட் பிரேக்கர் போடுங்க" என்று எழுதாமல் அந்த அளவோடு எழுதுங்கள். மாவட்டங்களில் இருப்பவர்கள் ஆட்சியர் தலைமையிலான சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கே எழுதலாம், திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளில் கொண்டுபோய்க் கொடுத்து ஒப்புகை வாங்கலாம்.

கடைசியாக நீதிமன்றம். இதில் நமக்குப் பெருமைப்படக் காரணம் இருக்கிறது. கோயம்புத்தூர் எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் சாலைப் பாதுகாப்புக்காக உச்ச நீதிமன்றத்தில் 2012-ல் போட்ட பொதுநல வழக்கில்தான், 2014-ல் நீதிபதி கே.எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையில் கண்காணிப்புக் குழு வந்தது. அதே வழக்கில்தான் 2025 மே மாதம், தடையில்லாத நடைபாதை என்பது அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று நீதிமன்றம் சொன்னது. அக்டோபரில், நடப்பவர்களின் பாதுகாப்புக்கான விதிகளை மாநிலங்கள் ஆறு மாதத்துக்குள் கொண்டுவர வேண்டும் என்றும் உத்தரவு வந்தது. எவ்வளவு பெரிய காரியம் இது. ஆனால் ஆண்டுகளைப் பாருங்கள், பதின்மூன்று வருஷம். 2012-ல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை பள்ளியையே முடித்துவிட்டது. ஒரு தெருவுக்காகப் புதிதாக வழக்குப் போடுவதைவிட, ஏற்கெனவே கிடைத்த இந்த உத்தரவுகளை நம் இரண்டு பக்க மனுவோடு இணைப்பதுதான் லாபம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 198ஏ பிரிவையும் ஒரு வரியில் குறிப்பிடலாம். சாலை வடிவமைப்புத் தரத்தைப் பின்பற்றாததால் உயிரோ உறுப்போ போனால் பொறுப்பானவர்களுக்கு 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது அது, 2019 திருத்தத்தில் வந்தது.

வழக்கில் எனக்கு இன்னொரு பயமும் இருக்கிறது. "நடைபாதை ஆக்கிரமிப்பை அகற்று" என்று உத்தரவு வந்தால் முதலில் அகற்றப்படுவது இட்லிக்கடை அம்மாதான். மின்பெட்டியும் ஜெனரேட்டரும் நடைபாதை மேல் ஏற்றி நிறுத்தின காரும் அங்கேயே நிற்கும். ராத்திரி எட்டு மணிக்குத் தனியாக நடந்து வருகிற பெண்ணுக்கு அந்தக் கடையின் வெளிச்சம்தான் துணை. 2014 தெருவோர வியாபாரிகள் சட்டம் அவர்களுக்கு உரிமை கொடுத்திருக்கிறது, இடம் ஒதுக்க நகர விற்பனைக் குழு இருக்கிறது. நம் அளவெடுப்பில் கடைகளையும் குறியுங்கள், எது நடக்கிற இடத்தை விட்டுப் பின்னால் தள்ளி உட்காரலாம் என்று அவர்களிடமே கேட்டு எழுதுங்கள். அவர்களை எதிர்த்து நாம் ஜெயிப்பதில் எனக்கு விருப்பமே இல்லை.

ஆக, உங்கள் நிலைமை எதுவோ அதைப் பொறுத்துத்தான் முடிவு. நடைபாதை இருக்கிறது, உடைந்து கிடக்கிறது என்றால் ஆப்பே போதும், கூட்டம் போட வேண்டாம். வடிகால் வேலையோ சாலை போடும் வேலையோ வரப்போகிறது என்று காதில் விழுந்தால் மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு இந்த ஞாயிறே டேப்பை எடுங்கள். சாலை நெடுஞ்சாலைத் துறையுடையது என்றால் கவுன்சிலரிடம் மாதக்கணக்கில் அலையாமல் எம்.எல்.ஏ.வையும் கோட்டப் பொறியாளரையும் பாருங்கள். அந்த இடத்தில் ஏற்கெனவே உயிர் போயிருக்கிறது என்றால் காத்திருக்கவே கூடாது, அன்றைக்கே போக்குவரத்துக் காவல், பத்திரிகை, கவுன்சிலர் மூன்று பேரிடமும் போக வேண்டும், தற்காலிகத் தடுப்பாவது வைத்துவிட்டுத்தான் மற்றதைப் பேச வேண்டும்.

இப்படி எந்த அவசரமும் இல்லாத குழு என்றால், மாநகராட்சியின் பராமரிப்பில் இருக்கிற ஒரு உட்புறச் சாலையை, அரசுப் பள்ளியோ மாநகராட்சிப் பள்ளியோ இருக்கிற ஒன்றை, ஒரு கிலோமீட்டருக்கு உட்பட்டதாகத் தேர்ந்தெடுங்கள். அந்தப் பிள்ளைகளுக்கு வேன் கிடையாது, நடந்துதான் வருகிறார்கள், தலைமையாசிரியரும் பள்ளி மேலாண்மைக் குழுப் பெற்றோரும் கையெழுத்துப் போட்டால் மனுவுக்கு வேறு எடை வந்துவிடும். பருவமழையில் நடந்து பார்த்து அளவெடுங்கள், டிசம்பருக்குள் எழுதி முடியுங்கள், ஜனவரியில் உதவிப் பொறியாளரை அலுவலகத்தில் பார்க்காமல் காலை எட்டு மணிக்குத் தெருவுக்கே வரச் சொல்லி அழையுங்கள், அந்த மின்பெட்டி முன்னால் பிள்ளைகள் இறங்குவதை அவர் கண்ணால் பார்க்கட்டும். பிப்ரவரியில் கவுன்சிலர். மார்ச் வரைக்கும் எந்தப் பதிலும் இல்லையென்றால் ஆர்.டி.ஐ.யைப் போட்டுவிட்டு, ஜூனில் பள்ளி திறப்பதற்குள் ஜீப்ரா கோடும் 30 கிலோமீட்டர் பலகையும் கேட்டுப் போக்குவரத்துக் காவல் ஆய்வாளரிடம் தனி மனு கொடுங்கள். அந்த இரண்டுக்கும் எஸ்டிமேட், டெண்டர் என்று காத்திருக்க வேண்டியதில்லை.